அடிக்கு நாலு மில்லிமீற்றரில் நம் கேட் வீடு

தம்பி, பெட்டியைத் திறந்ததும் நீ வீட்டைத்தான் முதலில் எடுப்பாய் என்று தெரிந்தே இந்தக் கடிதத்தை அதற்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறேன். கூரையைப் பிடித்துத் தூக்காதே. அடியில் இருக்கும் பலகையின் இரண்டு ஓரத்திலும் விரல் கொடுத்து எடு. சுற்றிலும் திணித்திருப்பது என் பழைய தலையணைப் பஞ்சு. தூசி இருக்கும், உனக்குத் தும்மல் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். கொண்டுவந்து தருபவள் ஹாலிஎலவில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் மாஸ்டரின் மகள், அங்கே படிக்க வருகிறாள். "மடியிலயே வச்சுக்கிட்டுப் போறேன் மாமா, நீங்க பயப்படாதீங்க" என்றாள். விமானத்தில் அப்படி விடுவார்களா என்று எனக்குத் தெரியாது. எதுவும் கழன்றிருந்தால் அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. வெள்ளைப் பசையைக் குண்டூசி முனையில் தொட்டு ஒட்டினால் போதும்.

கடிதம் நீளமாக இருக்கும். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ "ம்" போடும் சத்தம் கேட்டால் எனக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. தையில் உனக்குக் கல்யாணம். பெண்ணின் படம் அனுப்பினாய், நல்ல முகம், சிரிப்பில் வஞ்சகம் இல்லை. அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்றாய், கோயில் எது, மண்டபம் எது என்றெல்லாம் சொன்னாய். கடைசியில், "அவ்வளவு தூரம் நீங்க அலைய வேணாம்ப்பா. குளிரு வேற. வீடியோல பாத்துக்கலாம்" என்றாய். பதினாலு வருஷம் விடியற்காலைப் பனியில் எழுந்து கேட் மூடியவனிடம் குளிரைக் காரணம் சொல்கிறானே என்று சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. வர வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதில் உனக்குத் தெரியாத ஒரு பாதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். உன் மனைவியாக வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும் என்று ஆசை. அவளுக்காகச் சொல்கிறேன்: தெமோதரை ஸ்டேஷனுக்கும் உடுவரை ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு தோட்டத்து ரோடு தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறது. அங்கே ரெயில் கோச்சி வருவதற்கு முன் கட்டையை இறக்கி ரோட்டை மூடுவதும், போன பிறகு தூக்கித் திறப்பதும் என் உத்தியோகம். பக்கத்தில் கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறையில் ஒரு குடில். அதைத்தான் எல்லோரும் கேட் வீடு என்றார்கள். இவன் பேச்சுப் பழகியதும் எழுத்துப் பழகியதும் அங்கேதான் அம்மா. இப்போது உங்கள் ஊரில் மேல்மாடி அறையில், மேசை மேல் பலகை போட்டு, அந்த ரெயில் பாதையையே கைப்பிடி அளவில் கட்டிக்கொண்டிருக்கிறான். நாலு மாதத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, கேட் வீட்டு அளவு ஞாபகம் இருக்கா? கடையில எல்லாம் இங்கிலீஸ்காரன் வீடுதான் விக்கிறான்" என்று கேட்டான். ஞாபகம் இருக்கிறது, நானே செய்து அனுப்புகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். அதற்கு முன் அட்டையில் ஒரு நெருப்புப் பெட்டி கூடச் செய்தவனில்லை நான்.

ஞாபகம் இருப்பதாகச் சொன்னதும் பொய். அளவு எழுத உட்கார்ந்தபோது ஜன்னல் கதவுக்கு இடது பக்கமா வலது பக்கமா என்றே குழப்பம். சரி, நேரில் போய் அளப்போம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தெமோதரையில் இறங்கித் தண்டவாளத்து ஓரமாகவே நடந்தேன். இப்போது அந்தப் பாதையில் வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க வந்து குவிகிறார்கள், செவ்விளநீர்க் கடையெல்லாம் வந்துவிட்டது. கேட்டில் ஆள் இல்லை, மணியும் சிவப்பு விளக்கும்தான். கட்டை தானாக இறங்கித் தானாக ஏறுகிறது, யாரும் அதற்குத் தேநீர் ஊற்றத் தேவையில்லை. நம் வீட்டுக்குக் கூரை போய்விட்டது. பின்சுவர் மட்டும் தலைக்கு மேல், மற்றது மார்பு உயரத்துக்கு நிற்கிறது, உள்ளே லாந்தானா முளைத்திருக்கிறது. நான் குனிந்து குனிந்து அளப்பதைப் பார்த்துச் செவ்விளநீர்க்காரர், "என்னங்க ஐயா, கடை போடப் போறீங்களா?" என்று கொஞ்சம் கவலையோடு கேட்டார். வீடு கட்டப் போகிறேன் என்றேன். "இந்த எடத்துலயா?" என்றார். இந்த இடத்தில் இல்லை, இங்கிலாந்தில் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஒன்பது. ஜன்னல் கதவுக்கு வலது பக்கம். எல்லாம் எழுதிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது சுவரில் மூன்று ஓட்டைகள் இருந்தன. விரல் விட்டுப் பார்த்தேன், விரல் முழுதும் போயிற்று. உன் அம்மாவின் அடுப்படிச் சாய்ப்புக் கூரைக்கு மரம் செருகிய ஓட்டைகள் அவை. அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

செய்முறை உனக்கு என்னைவிடத் தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு அடிக்கு நாலு மில்லிமீற்றர் என்று நீ சொன்ன கணக்கை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். சுவர் சப்பாத்துப் பெட்டி அட்டை, இரண்டு மடிப்பு. கருங்கல்லுக்கு முட்டை ஓடு. ஓட்டைப் பசை மேல் வைத்து நகத்தால் அழுத்தினால் அதுவாகவே கல் கல்லாக உடைகிறது, இடுக்கில் சாம்பலைத் தேய்த்தால் சாந்து. ஒரு சுவருக்கு மூன்று முட்டை. மூன்று வாரம் முட்டைப் பொரியலாகவே தின்று வயிறு மந்தமாகிவிட்டது. கூரைத் தகரம்தான் பாடாய்ப் படுத்தியது. யோகட் கோப்பையின் மூடித்தாளில் வளைவு வளைவாகக் கோடு இழுக்க வேண்டும். ஸ்குரூ ஆணி மேல் உருட்டிப் பார்த்தேன், கிழிந்தது. சாதாரணச் சீப்பு பெரிய பல், உன் கணக்குக்கு அது ஆனைத் தகரம். கடைசியில் அலுமாரியில் உன் அம்மாவின் பேன் சீப்பு கிடைத்தது. அதன் மேல் தாளைப் போட்டு, மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே இழுத்தேன். தத்ரூபம். துருவுக்குத் தேயிலைச் சாயத்தை வற்றக் காய்ச்சித் தடவினேன். நாலு நாள் அந்தச் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன், வேலை முடிந்த பிறகும் அலுமாரியில் திருப்பி வைக்க மனசு வரவில்லை.

இன்னொன்று. மலைச்சரிவில் தேயிலைச் செடி செய்யத் தூள் தேயிலை அனுப்பச் சொல்லியிருந்தாய். உள்ளே ஒரு பாக்கெட் இருக்கிறது. ஊரே குடிக்கிற சாமானைப் பசை போட்டு ஒட்டுகிறவன் நீ ஒருவன்தான். மண்ணும் கேட்டாய், கேட் அடி மண்ணே எடுத்து, சலித்து, சட்டியில் வறுத்து வைத்திருக்கிறேன், பூச்சி இருக்காது. மாஸ்டர் வீட்டம்மா வாசலால் எட்டிப் பார்த்து, "அண்ணே, என்ன வறுக்கிறீங்க, வாசமே இல்ல" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்கள் வீட்டில் விளக்கு எரிவதும் பிள்ளைகள் சண்டை பிடிப்பதும் எனக்குக் கேட்கும். என் வீட்டில் பசை காய்கிற சத்தம் கூட இல்லை. ஒரு நாள் முழுவதும் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் மருந்துக் கடையில் வாய் திறந்தபோது குரல் கரகரத்து வந்தது. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. இந்த நாலு மாதம் எனக்குப் பொழுது போனது, அதற்கு உன் வீடுதான் காரணம், அதையும் சொல்ல வேண்டும்.

நடுவில் நீ ஒரு படம் வரைந்து ஃபோனில் அனுப்பினாய். நான் செய்கிற வீடு எந்த மூலையில் உட்காரும் என்று காட்டுகிற படம். அதில் நாலு சுவரும் ஒரு கூரையும் மட்டும் இருந்தன. பின்பக்கம் ஒன்றும் இல்லை. "சாய்ப்புக்கு இடம் விடலையே தம்பி" என்று கேட்டேன். "சாய்ப்பு வேணாம்ப்பா. கேட் வீடு மட்டும் போதும்" என்றாய். சரி என்றேன். அடுத்த ஞாயிறு நீ வீடியோவில் வந்து ஃபோனைப் பாதை நெடுகக் கொண்டுபோனாய். சுரங்கம், வளைவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே. தண்டவாளத்தின் அகலம் மட்டும் குறைச்சலாகத் தெரிந்தது, சொன்னேன். "நம்ம அகலத்துக்கு யாரும் விக்கிறதில்லப்பா. யாருக்கும் தெரியாது" என்றாய். எனக்குத் தெரிந்ததே என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்போதுதான் கேட் வந்தது. கட்டை மேலே தூக்கி நின்றது. கட்டைக்கு வெளியே, ரோட்டோரம், இரண்டு சின்ன உருவங்கள். சேலை கட்டின பெண் ஒருத்தி, கையில் பை. அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பையன்.

"யாரு தம்பி அது?" என்று கேட்டேன்.

"சும்மாதான்ப்பா. கேட் திறக்கக் காத்துக்கிட்டு நிக்கிற ஆளுங்க" என்றாய்.

உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த நிமிஷம் நீ பாலத்தைக் காட்டப் போய்விட்டாய். நான் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கக் காத்துக்கிட்டு நிக்கிற ஆளுங்க என்ற வாக்கியம் என்னுடையது. உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல் நீ வைத்திருக்கிறாய்.

வரப்போகிற மருமகளே, இந்தப் பாகமும் உனக்காகத்தான் அம்மா. கேட் வீடு வேலை நேரத்தில் கேட்காரன் மழைக்கு ஒதுங்க மட்டும், குடும்பம் வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்துதான் வைத்தேன். நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிவிட்டு ரெயில் வேலைக்கு வந்தவனுக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், காம்பரா இல்லை. இவன் அம்மா வீட்டுக் காம்பராவில் ஏற்கனவே ஒன்பது பேர். அதனால் மூன்று பேரும் கேட் வீட்டில் இருந்தோம். பின்சுவரில் மூன்று மரம் செருகி நாலு தகரம் போட்டுச் சாய்ப்பு இறக்கினேன். அதுதான் அடுப்படி, இவன் படிக்கிற இடமும் அதுதான். மேலதிகாரி தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் பாதை பார்க்க வருகிற நாளில், ஸ்டேஷனிலிருந்து எனக்கு வேண்டப்பட்ட போர்ட்டர் ஃபோனைச் சுற்றி, "அண்ணே, உடுப்பு காயப் போட்டிருந்தா எடுங்க, மழை வருது" என்பான். அதுதான் அடையாளச் சொல், டிராலி வர அரை மணி நேரம் இருக்கும். தகரத்தை இறக்கித் தேயிலைக்குள் படுக்க வைப்போம், மரத்தை உருவுவோம், அடுப்புச் சாம்பலை மண் போட்டு மூடுவோம். தாயும் மகனும் மேட்டுப் பாதையால் லயத்துப் பக்கம் போய்விடுவார்கள். டிராலி போனதும் திரும்ப மாட்டுவோம். இவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. எந்தத் தகரம் எந்த இடம் என்று சோக்கட்டியால் இலக்கம் போட்டு வைத்திருந்தான்.

தம்பி, அந்த வாக்கியத்தை நான் சொன்ன அன்றைக்கு ஃபோன் வரவில்லை. இரண்டு நாள் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. உனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை, என் காக்கிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு சாய்ப்பில் அடுப்போரம் சுருண்டு கிடந்தாய். வளைவில் டிராலிச் சத்தம் கேட்டபோது அது கேட்டுக்கே வந்துவிட்டது. உன்னை எழுப்பி, உங்கள் இருவரையும் முன்பக்கம் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததுதான் தெரியும். மேலதிகாரிப் பெரியவர் இறங்கி வந்தார். உயரமான மனிதர், அட்டன் பக்கம் பல வருஷம் இருந்தவர், தமிழ் நன்றாக வரும். உன் அம்மாவைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், உன் மேல் இருந்த என் சட்டையைப் பார்த்தார்.

"யாரு இவங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சேர். தோட்டத்துல உள்ளவங்க. கேட் திறக்கக் காத்துக்கிட்டு நிக்கிற ஆளுங்க."

அவர் கட்டையைத் திரும்பிப் பார்த்தார். கட்டை வானத்தைப் பார்த்து நின்றது. பகல் கோச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"கேட் திறந்துதானே இருக்கு" என்றார்.

உன் அம்மாதான் உன் கையைப் பிடித்தாள். "வா தம்பி, போவோம். ஐயா கேட்டத் திறந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே திறந்திருந்த கேட்டால் தண்டவாளத்தைத் தாண்டினாள். எந்த ஐயா என்று அவள் சொல்லவில்லை. நீ திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாய். தூறல் போட்டது. பெரியவர் சாய்ப்பைப் பார்க்கப் போகவேயில்லை. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து, உன் அம்மா உனக்காகக் காய்ச்சி வைத்திருந்த கொத்தமல்லித் தண்ணீரை நான் ஊற்றிக் கொடுக்கக் கொடுக்கக் குடித்தார். ஒரு மணி நேரம் இருந்தார். நீங்கள் இரண்டு பேரும் மேட்டில் தேயிலைக்குள் நின்றது ஜன்னலால் எனக்குத் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மறந்துபோனது அதனால்தானோ என்னவோ.

ஒரு தடவை பயத்தில் சொன்னதாக இருந்தால் நீயும் மறந்திருப்பாய். நான் அதையே ஏற்பாடாக்கிவிட்டேன். சாய்ப்பைக் கழற்றுவதைவிட இது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு ஃபோன் வந்தால், பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நில்லுங்கள், வழிப்போக்கர் மாதிரி நில்லுங்கள் என்று நானே சொன்னேன். ஐந்து வருஷம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, நீ எண்ணியிருப்பாய். நிற்கும்போது என்னைப் பார்த்துச் சிரிக்காதே என்று ஒரு தடவை உன்னை அதட்டினேன். அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை, டிராலி இல்லாத நாளிலும் சிரிக்கவில்லை. பதினாலு வயதில் பண்டாரவளைக்கு விடுதிப் பள்ளிக்குப் போகிறேன் என்று நீயாகவே சொன்னாய். படிப்பில் அக்கறை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி. நீ விடுதிக்குப் போன அடுத்த மாதம் அந்தப் பெரியவர் கடைசி முறையாக வந்தார். ஓய்வு பெறப் போகிறார், எல்லாக் கேட்காரர்களிடமும் சொல்லிக்கொண்டு போக வந்தார். உன் அம்மா மட்டும் ரோட்டோரம் பையோடு நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "பையன் எங்க? படிக்கப் போய்ட்டானா?" நான் முக்காலியை எடுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. "அன்னைக்கே தெரியும் எனக்கு. உன் மூக்கு அவனுக்கு. நீ ஒரு தடவை வாயத் திறந்து, என் பொண்டாட்டி பிள்ளைன்னு சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா பதுளையில ஒரு குவார்ட்டர்ஸுக்கு எழுதியிருப்பேன். குடும்பம் இருக்குன்னு நீயே சொல்லாம நான் என்னத்த எழுதுறது?" என்றார். வேலைப் பத்திரத்தில் மணமாகாதவன் என்று இருந்ததை நான் மாற்றவேயில்லை, மாற்றினால் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்பார்களே என்ற பயம். அவர் என் தோளைத் தட்டிவிட்டு டிராலியில் ஏறினார்.

பதுளையில் ஒரு வீடு, தம்பி. இரண்டு அறை, தண்ணீர்க் குழாய், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒரே ஒரு உண்மைக்குக் கிடைத்திருக்கும். உன் அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டாள். "ஓய்வு பெறுறாராம்" என்றேன். "நல்ல மனுஷன். ஒரு நாள் கூட நம்மளத் தொந்தரவு பண்ணல" என்றாள். அவளிடம் நான் சொல்லவேயில்லை. பிறகு நான் ஓய்வு பெற்று இந்த ஹாலிஎல வீட்டுக்கு வந்தோம், அப்போதும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பதினொரு நாள் பக்கத்திலேயே இருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. சொல்லித் துக்கப்படுத்துவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். மரணச் சான்றிதழ் எடுக்கப் போனபோது பதிவுக் கந்தோரில் அவள் விலாசத்தைக் கேட்டார்கள். அவள் அடையாள அட்டையில் எப்போதும் அவள் அண்ணன் லயத்து இலக்கம்தான். அதைத்தான் எழுதினார்கள். நாம் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்தோம் என்று சொல்ல உலகத்தில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நீ நாலு நாள் லீவில் வந்து எல்லாம் செய்துவிட்டுப் போனாய். விமான நிலையத்துக்குப் போகும் வேனில் ஏறும்போது, "அம்மா ஒரு நாளும் உங்கள விட்டுக் கொடுத்ததில்லப்பா" என்று மட்டும் சொன்னாய். மூன்று வருஷமாக அந்த வார்த்தையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன சாய்ப்பைக் கட்டிவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. திரும்பவும் பஸ் ஏறிப் போய், குறிக்காமல் விட்ட மூன்று ஓட்டைகளையும் அளந்து வந்தேன். செவ்விளநீர்க்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். ஆறடி ஆழம், ஒன்பதடி நீளம், நாலு தகரம். அடுப்பு வைத்திருக்கிறேன், உள்ளே நீ படித்த பலகையும் வைத்திருக்கிறேன், அதன் மேல் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு புத்தகம். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யவில்லை. பிளேடு போட்டால் பிய்ந்து வரும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் சுவரில் நான் முட்டை ஓடு ஒட்டவில்லை, வெறும் அட்டைதான் தெரியும். உன் பலகையில் இடம் பற்றாவிட்டால் கொஞ்சம் தேயிலையை வெட்டு. தாயும் பிள்ளையும் எங்கே நிற்க வேண்டும் என்பது உன் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். கம்பியை வளைத்து என்னையும் ஒன்று செய்து பார்த்தேன். இருபத்திரண்டு மில்லிமீற்றர், காக்கிச் சாயம் எல்லாம் பூசியாயிற்று. வீட்டைச் சுற்றி எங்கே நிறுத்திப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை. அதை அனுப்பவில்லை, இங்கே மேசையில் இருக்கிறது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் தெரியும், அதுவும் பட்டுத் தெரிந்தது. யாராவது இவள் யார் என்று கேட்டால், கேட்ட இடத்திலேயே, கேட்ட நேரத்திலேயே சொல்லிவிடு. வேலை போகும், வீடு போகும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போயிருந்தாலும் மூன்று பேருமாக எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்போம். உன் அம்மா என்னிடம் அன்பாகத்தான் இருந்தாள், கடைசி வரைக்கும் சோற்றை முதலில் எனக்குத்தான் போட்டாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வெளியில் என்னோடு நடக்கும்போது நாலு அடி தள்ளியே நடந்தாள். பதுளைச் சந்தையில் யாராவது எதிரே வந்தால் இன்னும் தள்ளிப் போவாள். பழகிவிட்டதாம். நான் கிட்டே போனால் சிரித்துக்கொண்டே விலகுவாள். நான் ஓய்வு பெற்ற பிறகு டிராலி ஏது, அதிகாரி ஏது. அந்த நாலு அடியை என்னால் குறைக்க முடியவில்லை.

எனக்கு உன் கல்யாணத்துக்கு வர ஆசை. இவ்வளவு எழுதியதும் அதைக் கேட்கத்தான், மறைப்பானேன். கடவுச்சீட்டு எடுத்துவிட்டேன், படத்தில் திருடன் மாதிரி இருக்கிறேன். முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், தாரை வார்க்கும்போது பக்கத்தில் நிற்கக் கூப்பிட வேண்டாம். "வாங்க" என்று நீ சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன், உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது பெண் வீட்டார் உன் அப்பா ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அவருக்கு முடியவில்லை, குளிர் ஒத்துக்கொள்ளாது, தூரம் அதிகம் என்று என்னைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல உனக்குத் தோன்றும், நீ உன் அம்மாவின் பிள்ளை. சொல்லாதே. என்ன நடந்தது என்று இருக்கிறபடி சொல்லிவிடு. நம் வீட்டில் பொய் சொன்னவன் நான் ஒருவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா